கிளினிக் நாளில் மட்டும் நோகாத கை

என் மனைவி குழந்தைகளை நிறுக்கிறவள். அரசாங்கத்துக்கு அவள் குடும்பநல உத்தியோகத்தர். கோப்பாயில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மிட்வைஃப் அக்கா. கர்ப்பிணிகளைத் தேடி ஸ்கூட்டியில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போவது, பிறந்த பிள்ளையின் தொப்புள் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது, ஊசி போடும் நாளை ஞாபகப்படுத்துவது என்று அவளுக்கு ஆயிரம் வேலை. ஆனால் மாதத்தில் ஒரு நாள் சனசமூக நிலையத்துக் கூரை வளையில் தராசைக் கொழுவி, ஊர்க் குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அதில் தொங்கவிடும்போதுதான் அவளுக்கு உண்மையான அதிகாரம் வரும். ஊர் விதானையார்கூட அன்றைக்கு அவளோடு மெதுவாகத்தான் கதைப்பார்.

அன்றைக்குத் தாய்மார் செய்கிற களவுகளுக்கு அளவில்லை. நிறை குறைந்தால் இவளிடம் பேச்சு வாங்க வேண்டுமே என்ற பயத்தில் பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசு, இடுப்புச் சங்கிலி, கம்பளிச் சட்டை என்று வீட்டில் உள்ள எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வருவார்கள். ஒருத்தி படலையடியில் நின்று முழு வாழைப்பழம் ஒன்றைத் தீத்திவிட்டு உள்ளே வந்தாள். பிள்ளையின் வாய் ஓரத்தில் பழம். இவள் ஒன்றையும் விடமாட்டாள். கொலுசைக் கழற்றி, சட்டையைக் கழற்றி, பிள்ளையைப் பிறந்த மேனிக்கு ஆக்கிவிட்டுத்தான் தராசில் ஏற்றுவாள். "தராசை ஏமாத்தலாம், பிள்ளை. உன்ரை பிள்ளையின்ரை எலும்பை ஏமாத்தேலாது" என்பாள். அதை நான் மதிலுக்கு வெளியே சைக்கிளில் போகும்போதே பலமுறை கேட்டிருக்கிறேன். அவ்வளவு குரல்.

இதை முதலே சொல்லி வைக்கிறேன். பிறகு இவள் செய்த வேலையைச் சொல்லும்போது, இவள் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வருசம் ஊர் முழுக்க நுளம்பு கடித்து வருகிற காய்ச்சல். காய்ச்சல் விட்ட பிறகும் சனங்கள் மாதக்கணக்காகக் கை கால் உளைவு என்று நொண்டிக்கொண்டு திரிந்தார்கள். இவளுக்கும் காய்ச்சல் வந்து போனது. ஆகவே காலையில் விரல்கள் மடங்க மறுத்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் அது பெரிய விசயமாகப் படவில்லை. மற்ற ஆட்களுக்கு உளைவு மெல்ல மெல்ல விட்டுப் போனது. இவளுக்குப் போகவில்லை.

ஒரு விடியற்காலை நான் தோட்டத்துக்குப் போகமுதல் தேத்தண்ணிக்காகக் குசினிக்குள் போனேன். இவள் பால்மாப் பேணியைக் கக்கத்தில் இடுக்கி, மறு முழங்கையால் மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள். "உது என்ன, புது யோகாசனமோ?" என்று கேட்டேன். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்வாள். அன்றைக்குப் பேணியை மட்டும் என்னிடம் நீட்டினாள். அப்போதுதான் அவளுடைய கைகளைச் சரியாகப் பார்த்தேன். இரண்டு கையிலும் விரல் தொடங்குகிற மொழிகள், அந்த மூட்டுகள், வீங்கிப் பளபளத்தன. கலியாண மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. சவுக்காரம் போட்டு உருட்டியும் வரவில்லை. கடைசியில் நகை செய்கிறவரிடம் போய் வெட்டித்தான் எடுத்தோம்.

இந்த வருத்தத்தின் கள்ளத்தனம் என்னவென்றால், வெயில் ஏற ஏற அது ஒளிந்துவிடும். ஐந்து மணிக்குச் சீப்பைப் பிடிக்க முடியாதவள் பத்து மணிக்கு ஸ்கூட்டியில் பறப்பாள். அவளைப் பகலில் கண்ட ஒருத்தருக்கும் அவள் நோயாளி இல்லை. விடியற்காலை ஆளைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும், அவள் வாயால் சொல்லாவிட்டாலும். அவளுக்கு ஒரு பெரியம்மா இருந்தா. எங்கள் கலியாணப் படத்தில் முன்வரிசையில் நிற்கிறா. எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டோ பிள்ளையைப் பிடித்துக்கொண்டோ நிற்க, அவ மட்டும் இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் மறைத்திருக்கிறா. அந்த விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டவை, காற்றுக்குப் படுத்த வெங்காயத்தாள் மாதிரி. சின்ன வயதில் இவள்தான் அவவுக்குச் சீப்பால் தலை இழுத்து, சட்டைக்கு ஊசி குத்தி, சோறு குழைத்துக் கொடுத்தவள். அந்தக் கையை என் மனைவி மறக்கவில்லை. தன் கை வீங்கின நாளிலிருந்து அவள் பெரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அதிலிருந்தே எனக்கு விளங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டொக்டர் ஒரு இளம்பெண். கலியாணம் கட்டிப் போன எங்கள் மகளைவிட நாலைந்து வயதுதான் மூப்பு இருக்கும். கையைப் பார்த்தா, இரத்தமும் எக்ஸ்ரேயும் எடுப்பித்தா, அடுத்த முறை போனபோது முடக்குவாதம் என்று சொன்னா. எங்கள் சனத்துக்கு அந்தப் பெயரே போதும், பாதி உயிர் போய்விடும். இவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டா.

"அம்மா, பேரைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ. முந்தி இதுக்கு நோவை அடக்கிற மருந்துதான் கூட இருந்தது. இப்ப வருத்தத்தையே அடக்கலாம். ஆனால் துவக்கத்திலேயே அடக்கவேணும். இப்ப விட்டால் எலும்பு அரிபடத் துவங்கும். அரிபட்ட எலும்பு திரும்பி வராது."

"நோ குறைஞ்சால் காணுந்தானே, டொக்டர்?" என்று நான் கேட்டேன்.

"காணாது, ஐயா. நோ குறைஞ்சும் உள்ளுக்கை வீக்கம் கிடந்து எலும்பை அரிக்கலாம். எங்கடை இலக்கு வீக்கமே இல்லாமல் போறது. அது வரைக்கும் ஒவ்வொரு முறையும் பாத்துப் பாத்து மருந்தைக் கூட்டுவம், மாத்துவம். நான் எப்பிடிப் பாக்கிறது? இரத்தத்தைப் பாப்பன், மொழியை அமத்திப் பாப்பன், பிறகு அம்மா சொல்லுறதைக் கேப்பன். இந்த மூண்டும் சேந்தால்தான் எனக்குக் கணக்குச் சரிவரும்."

வெங்காயம் செய்கிற எனக்கு இது நன்றாகவே விளங்கியது. வெங்காயத்தாள் திருகத் தொடங்கின அன்றைக்கே மருந்து அடிக்க வேண்டும். திருகின தாள் பிறகு நிமிராது. பக்கத்துத் தாளைத்தான் காப்பாற்றலாம். ஆஸ்பத்திரியால் வரும் வழியெல்லாம் இதை நான் இவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டு வந்தேன். "என்ரை கையை வெங்காயம் ஆக்காமல் பேசாமல் வாங்கோ" என்றாள்.

மருந்து கிழமைக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற குளிசை. இவள் சனிக்கிழமை பின்னேரத்தைத் தெரிந்தெடுத்தாள், ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை என்று. ஞாயிறு முழுக்க அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என் தலையில் விழுந்தது. என்னுடைய சொதியை ஒரு வாய் குடித்துவிட்டு, "குளிசைக்குப் பிரட்டினது காணாது எண்டு உந்தச் சொதியையும் வைச்சிருக்கிறியள்" என்றாள். ஆனாலும் குடித்து முடித்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்குப் பிடித்திருந்தன என்று சொன்னால் பிழையாக நினைக்கக்கூடாது. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் இவள் பகலில் படுத்துக் கிடந்து, நான் பக்கத்தில் இருந்து கதைத்தது அப்போதுதான்.

இனி இவள் செய்த வேலைக்கு வருகிறேன்.

கிளினிக்குக்குப் போகிற நாள் எங்கள் வீட்டில் பெண்பார்க்க ஆட்கள் வருகிற நாள் மாதிரி. முதல் நாளே சேலைக்கு ஸ்திரிக்கை போட்டாகிவிடும். விடியவே எழும்பிச் சுடுதண்ணிக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, விரல்கள் இளகும்வரை இருப்பாள். பிறகு பாணும் தேத்தண்ணியும். அதற்குப் பிறகு நோக்குளிசை. தாங்க முடியாத நாளுக்கு மட்டும் என்று டொக்டர் கொடுத்திருந்த அந்தக் குளிசையை இவள் கிளினிக் நாளுக்கென்றே சேமித்து வைத்திருந்தாள். முகத்துக்குப் பவுடர், தலைக்கு ஒரு முழம் மல்லிகை. நோக்குளிசை வேலை செய்யத் தொடங்கின நேரம் பார்த்து நாங்கள் டொக்டருக்கு முன்னால் இருப்போம்.

"எப்பிடி இருக்கிறியள், அம்மா?"

"பிழையில்லை, டொக்டர்."

"விடியவெள்ளன விறைப்பு?"

"இப்ப எவ்வளவோ பரவாயில்லை."

டொக்டர் கையை அமத்திப் பார்க்கும்போது இவள் சிரித்துக்கொண்டிருப்பாள். டொக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து, "இதிலை கொஞ்சம் கூடத்தான் காட்டுது" என்று யோசிப்பா. பிறகு மல்லிகைப் பூவையும் சிரித்த முகத்தையும் பார்ப்பா. "சரி, இதே மருந்தோடை இன்னும் கொஞ்ச நாள் பாப்பம்." நாங்கள் பஸ் ஏறிக் கோப்பாய்க்கு வந்து இறங்கும்போது இவள் கைப்பையை என்னிடம் தந்துவிடுவாள். கை அதைத் தாங்காது.

ஏன் இப்படிச் செய்கிறீர் என்று நான் கேட்காமல் இல்லை. "அந்தப் பிள்ளை எவ்வளவு பாடுபடுது. தண்ணி குடிக்கக்கூட நேரமில்லாமல் இருந்து மருந்து எழுதித் தருது. சுகமில்லை எண்டு சொன்னால் முகம் வாடிப்போடுமே" என்றாள். எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். எப்படி இருக்கிறியள் என்று கேட்டால் நாங்கள் அதைக் கேள்வியாக எடுப்பதில்லை. கட்டிலில் கிடக்கிற மனிதனும் "இருக்கிறம்" என்றுதான் சொல்லுவான். ஆஸ்பத்திரிக்குப் போகவும் குளித்து முழுகி நல்ல உடுப்பு உடுத்துவோம். நானும் அப்படித்தான் போவேன். டொக்டர் ஒரு விருந்தாளி போலவும், எங்கள் வருத்தம் அவவுக்கு முன்னால் காட்டக்கூடாத அழுக்கு உடுப்பு போலவும் ஒரு பழக்கம். இவள் அதற்கு மேலே ஒருபடி போய், கைக்கே உடுப்பு உடுத்திக் கூட்டிக்கொண்டு போனாள்.

இவளைக் கடைசியில் பிடித்துக் கொடுத்தது கந்தசட்டி.

ஐப்பசியில் கந்தசட்டி விரதம் வந்தால் இவள் பகலில் தண்ணீரும், பின்னேரம் கோயிலால் வந்த பிறகு பாலும் பழமும் மட்டும்தான். வேலைக்கும் போவாள், விரதமும் பிடிப்பாள். அந்த வருசம் விரதத்துக்கு நடுவில் கிளினிக் நாள் வந்து நின்றது. வெறும் வயிற்றில் நோக்குளிசை போடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் இவள்தான். விடியற்காலை சுடுதண்ணிச் சட்டிக்கு முன்னால் இருந்து குளிசைப் பெட்டியையும் சாமிப் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முருகன்தான் வென்றார். குளிசை பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

வெளியே மழை. மழைக் குளிருக்கு விரல்கள் இன்னும் மோசம். சேலைக்கு ஊசி குத்த முடியாமல் என்னைக் கூப்பிட்டாள். நான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சேலைக்கு ஊசி குத்தினேன். சேலையோடு சேர்த்து இவளுடைய தோளிலும் குத்தினேன். "சூரன்போருக்கு இன்னும் நாள் கிடக்கு" என்றாள். பகிடி விட்டாலும் முகம் வெளிறியிருந்தது. பஸ் ஏறிப் போனோம்.

டொக்டர் வழக்கம்போல் எப்பிடி இருக்கிறியள் என்று கேட்டுக்கொண்டே, கை குலுக்குகிற மாதிரி இவளுடைய விரல் மொழிகளைக் குறுக்காகப் பிடித்து மெல்ல அமத்தினா. மெல்லத்தான். இவளுடைய வாயில் "பிழை" வரைக்கும் வந்தது. மிச்சம் வரவில்லை. கண்ணால் தண்ணீர் கொட்டியது. சத்தமே இல்லை.

டொக்டர் உடனே கையை விட்டா. பிறகு ஒவ்வொரு மொழியாகப் பெருவிரலால் தடவிப் பார்த்தா. "போனமுறை இப்பிடி இல்லையே, அம்மா. இது எப்ப துவங்கினது?"

இவள் குனிந்துகொண்டு இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "டொக்டர், இது இப்ப துவங்கேல்லை. ஒவ்வொரு நாளும் விடியக் கை இப்பிடித்தான். இஞ்சை வாற நாளிலை மட்டும் நோக்குளிசை போட்டுக்கொண்டு வாறவ. இண்டைக்கு விரதம். அதாலை போடேல்லை."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். டொக்டர் பேனையை மேசையில் வைத்தா. கோபப்படுவா என்று நினைத்தேன், படவில்லை. இவளுடைய கைகளைப் பார்த்தபடியே, "அப்ப நான் இவ்வளவு நாளும் குளிசை போட்ட கையைப் பாத்துத்தான் மருந்து எழுதியிருக்கிறன்" என்றா. அவவுடைய முகம் வாடித்தான் போனது. இவள் எதற்குப் பயந்தாளோ அதுவே நடந்தது.

அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தோம். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து எங்களுக்கும் காட்டினா. வலது கைச் சுட்டுவிரலின் அடியில், எலும்பின் ஓரத்தில், ஒரு சின்னக் கறண்டல். அணில் ஒரு பல்லு வைத்துவிட்டு விட்ட மாங்காய் மாதிரி. தெரியாதவனுக்குக் கண்ணிலேயே படாது. நாங்கள் முதல் முறை வந்தபோது எடுத்த படத்தில் அது இல்லை.

"இது திரும்பி வளராது, அம்மா" என்று டொக்டர் சொன்னா. "ஆனால் இவ்வளவோடை நிப்பாட்டலாம். மற்ற மொழியள் எல்லாம் வடிவாய் இருக்கு. அதுகளைக் காப்பாத்துவம்."

பிறகு டொக்டர் ஒரு கேள்வி கேட்டா. அதை அவ கேட்டிருக்காவிட்டால் எனக்கு ஒரு விசயம் இன்றைக்கும் தெரிந்திருக்காது. "இந்தக் கை உங்களுக்கு என்ன செய்யவேணும் எண்டு நினைக்கிறியள்?"

சமைக்க வேண்டும், ஸ்கூட்டிப் பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். இவள் சொன்னது வேறு.

"நான் பிள்ளையளைத் தூக்கிக் கனகாலம், டொக்டர். தராசிலை தாய்மாரைக் கொண்டுதான் ஏத்துறன். என்ரை கையாலை ஒரு பிள்ளை வழுக்கி விழுந்திடுமோ எண்டு பயம். சட்டம் மாறிட்டுது, இனித் தாய்தான் ஏத்தவேணும் எண்டு அதுகளுக்குப் பொய் சொல்லி வைச்சிருக்கிறன்."

சந்தியில் ஒரு பச்சைப்பிள்ளையைக் கண்டால் தாயிடமிருந்து பறித்துத் தோளில் போட்டுக்கொண்டு கதைக்கிறவள் இவள். மாதக்கணக்காக ஒன்றையும் தூக்காமல் இருந்திருக்கிறாள். ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை.

டொக்டர் மருந்தைக் கூட்டி, வேறு வகை இரண்டையும் சேர்த்து எழுதினா. இனி மாதாமாதம் வரச் சொன்னா, நோக்குளிசை போடாமல். பிறகு என்னைக் கூப்பிட்டு, இவளுடைய கையை என் கைக்குள் வைத்து, எப்படி அமத்துவது என்று காட்டித் தந்தா. "ஒவ்வொரு நாளும் எழும்பினவுடனை இப்பிடி ஒருக்கா மெல்லப் பிடிச்சுப் பாருங்கோ, ஐயா. அம்மா சொல்லுறதைக் கேளுங்கோ. சொல்லாட்டி முகத்தைப் பாருங்கோ."

பஸ்ஸுக்கு நின்றோம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. "காட்டிக் குடுத்திட்டியள், என்ன?" என்றாள்.

"தராசை ஏமாத்தலாம், பிள்ளை" என்று இவளுடைய குரலிலேயே தொடங்கினேன். எலும்பு என்ற இடம் வரமுதல் நிப்பாட்டிவிட்டேன்.

இவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள். "பெரியம்மாவின்ரை கைதான் எனக்கும் வரப்போகுது எண்டு பயந்துபோனன். நோகுது எண்டு வாயாலை சொன்னால் அது உண்மையாப் போடும் எண்டு நினைச்சன்." நான் எப்பனும் யோசிக்காமல் அவளுடைய கையைப் பிடித்தேன், அமத்தாமல். பஸ் நிலையத்தில் அவ்வளவு சனத்துக்கு நடுவில். எங்கள் ஊர்ப் பக்கத்தில் புருசனும் பெண்சாதியும் கோயில் வீதியில்கூட ஒரு முழம் தள்ளித்தான் நடப்போம். இவள் கையை இழுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும் எங்கள் வீட்டில் இந்தக் கூத்துத்தான். நான் கட்டிலில் இருந்தபடி கையை நீட்டுவேன், இவள் தருவாள், நான் அமத்துவேன். "பிழையில்லை" என்பாள். நான் முகத்தைப் பார்ப்பேன். "முகத்தை ஏன் பாக்கிறியள், கையைப் பாருங்கோ" என்று சினப்பாள். சினந்தால் நோகிறது என்று அர்த்தம். ஒரு நாள் கிணற்றடியில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதை வேலிக்கு அந்தப் பக்கத்து அக்கா கண்டுவிட்டா. மத்தியானத்துக்குள் ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. இந்த வயதில் இவர்களுக்கு என்ன வந்தது என்று சிரித்தார்கள். டொக்டர் எழுதித் தந்த மருந்து என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை.

மருந்து மெல்லத்தான் பிடித்தது. மார்கழியில் ஒருமுறை டொக்டர் மறுபடியும் கூட்டினா. தை பிறந்த பிறகு ஒரு காலை நான் குசினிக்குள் போனேன். பேணி மூடி திறந்து மேசையில் கிடந்தது. இவள் ஒன்றும் நடக்காத மாதிரித் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றாள். நான் அந்த மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

மாசி மாத நிறுவை நாளன்று தோட்டத்தில் வேலை இருந்தும் நான் சனசமூக நிலையப் பக்கமாகச் சைக்கிளைத் திருப்பினேன். பேப்பர் பார்க்கிற சாட்டில் உள்ளே போய் மூலையில் இருந்தேன். தாய்மார் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி பழக்கத்தில் தன் பிள்ளையைத் தானே தராசில் ஏற்றப் போனாள். "இஞ்சை கொண்டா" என்றாள் இவள். அது நன்றாகக் கொழுத்த பிள்ளை, காலையும் கையையும் உதறுகிற சண்டைக்காரப் பிள்ளை. இவள் இரண்டு கையையும் அதன் கக்கத்துக்குள் கொடுத்துத் தூக்கினாள். தூக்கி, உடனே தராசில் விடாமல், கொஞ்ச நேரம் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை இவளுடைய மூக்கைப் பிடித்தது.

பிறகு என்னைக் கண்டுவிட்டாள். "உங்களுக்கு இஞ்சை என்ன வேலை?" என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டாள். நான் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டர் எல்லா மொழியையும் அமத்திப் பார்த்து, ஒன்றிலும் வீக்கம் இல்லை என்றா. தொட வேண்டிய இடத்தைத் தொட்டுவிட்டோம், ஆனால் மருந்தை விடுவதில்லை, இனித் தள்ளித் தள்ளி வந்தால் காணும் என்றா. இவளுக்குத்தான் சந்தோசம், எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம். இரண்டு கிளினிக்குக்கு இடையில் இவ்வளவு நாள் கிடந்தால் இவள் பழைய குணத்துக்குப் போய்விடுவாளே. சேலையும் மல்லிகையும் பவுடரும் எப்போது திரும்பி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அமத்துவதை நான் விடவில்லை. "பிழையில்லை" என்பாள், முகத்திலும் பிழை தெரியாது. ஆனால் இவள் கெட்டிக்காரி. முகத்துக்கும் உடுப்பு உடுத்தப் பழகிவிட்டாளோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள், தண்ணீர் இறைக்கும் முறை என்று விடியமுதலே தோட்டத்துக்கு வந்துவிட்டேன். அன்றைக்குக் கை பிடிக்கவில்லை. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டு நிற்கும்போது வரம்பில் யாரோ வருவது தெரிந்தது. இவள்தான். வீட்டில் போடுகிற சட்டையோடு, தலையைக்கூட இழுக்காமல், செருப்பு முழுக்கச் சேற்றோடு. இவளை அந்தக் கோலத்தில் படலைக்கு வெளியே நான் கண்டதில்லை. என்ன நடந்ததோ என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

வரம்பில் நின்றபடி இரண்டு கையையும் நீட்டினாள். "இஞ்சாருங்கோ, எனக்கு நோகுது."

நான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தேன்.

"முந்தநாள் எப்பன் விறைச்சது. இண்டைக்குக் கூடிப்போச்சு. இந்த மொழி வீங்கியிருக்கு, பாருங்கோ. கிளினிக்குக்கு இன்னும் நாள் கிடக்கு. அதுமட்டும் இருக்கேலாது, இண்டைக்கே போய்க் காட்டுவம். நான் குளிசை ஒண்டும் போடேல்லை."

மிசின் இறைத்துக்கொண்டிருந்தது, தண்ணீர் பாத்தி நிறைந்து அடுத்ததுக்குள் வழிந்தது. எனக்குப் பயம் பிடித்தது உண்மை. ஆனால் அதைவிட முந்திக்கொண்டு வேறொன்று வந்துவிட்டது. முகத்தை மறைக்க அங்கே பேப்பரும் இல்லை.

"எனக்கு நோகுது எண்டுறன், நீங்கள் சிரிக்கிறியள்" என்றாள்.

"வாரும், போவம்" என்றேன். "சேலை மாத்திப்போட்டு வாறீரோ?"

இவள் தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். பிறகு வீங்கின கையை என் சேற்றுக் கையில் வைத்தாள்.

"வேண்டாம். இப்பிடியே வாறன்."